பழைய ரிவால்வரை விக்கணுமா? டீலர், கன்சைன்மென்ட், ஏலம், நேரடி விற்பனை: எந்த துப்பாக்கிக்கு எது சரிப்படும்

பழைய ரிவால்வர் ஒண்ணு கையில இருக்கு, குடும்பத்துல வந்ததோ இல்ல நாமளே எப்பவோ வாங்கினதோ, இப்ப வித்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு, உடனே எல்லாரும் கேக்கறது "எங்க வித்தா நல்ல விலை வரும்"ங்கறதுதான். ஆனா அந்த கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு, கையில இருக்கறது என்ன? பாக்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு ரிவால்வர்ல ஒண்ணை டீலர்கிட்ட குடுத்துட்டு அன்னைக்கே காசு வாங்கிட்டு வர்றது ரொம்ப சரியான முடிவா இருக்கும், இன்னொண்ணை அதே டீலர்கிட்ட குடுத்தா வாழ்நாள் பூரா வருத்தப்படற அளவுக்கு நஷ்டமா இருக்கும். அதனால நான் எப்பவும் சொல்றது, வழியை கடைசியா முடிவு பண்ணுங்க, முதல்ல துப்பாக்கியை படிங்க.

தொடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல சலுகையே கிடையாது. பேரலை (குண்டு வெளிய போற குழல்) ஆளில்லாத பக்கமா வெச்சுக்கிட்டு, விரலை ட்ரிகர்ல வைக்காம சிலிண்டரை (தோட்டா போடற அறைங்க இருக்கற உருளை) திறந்து ஒவ்வொரு அறையையும் கண்ணால பாருங்க, விரலாலயும் தடவிப் பாருங்க. வருஷக்கணக்கா பெட்டிக்குள்ள கிடந்த துப்பாக்கியில தோட்டா இருக்காதுன்னு நினைக்காதீங்க. திறக்கவே வரலைன்னா பலவந்தம் பண்ணாம தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க, ஆனா கொண்டு போறதுக்கும் உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத்தான்.

சட்டம்னதும் இன்னொண்ணு, இது விலையையே மாத்துற விஷயம். அமெரிக்காவுல 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கியை மத்திய சட்டம் பழம்பொருளாத்தான் பாக்குது, அதனால ஒரே மாடல்ல 1898-ல செஞ்சதுக்கும் 1899-ல செஞ்சதுக்கும் விக்கற முறையே வேற. பிரிட்டன்ல 1997 சட்டங்களுக்கு அப்புறம் கைத்துப்பாக்கி பெரும்பாலும் தடை. கனடாவுல 2022 அக்டோபர்ல இருந்து தனி ஆளுங்க கைத்துப்பாக்கியை கைமாத்துறதே நிறுத்தி வெச்சிருக்காங்க. இந்தியாவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு லைசென்ஸ்தாரர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது. அதாவது கீழ நான் ஒப்பிடப் போற வழிகள்ல சிலது உங்க நாட்டுல இல்லாமலே போகலாம், அதை லைசென்ஸ் குடுக்கற அதிகாரிகிட்டயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ முதல்லயே கேட்டுடுங்க. இறந்து போனவரோட துப்பாக்கின்னா இன்னும் அவசரமா கேளுங்க, ஏன்னா அது உங்க பேர்ல இல்லாதவரைக்கும் விக்கற உரிமை உங்களுக்கு இல்லாமலும் போகலாம்.

சரி, இப்ப அடையாளம். இதுல பாதி பேர் சறுக்கற இடம் பேரல் மேல இருக்கற எழுத்து. பேரல்ல "38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்பெஷல்"னு பொறிச்சிருந்தா அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி செஞ்ச துப்பாக்கின்னு நினைச்சுக்கறாங்க. அது தோட்டாவோட பேரு. கோல்ட் கம்பெனி துப்பாக்கியிலயும் அந்த தோட்டா போகும், ஸ்பெயின்ல ஐபார் ஊர்ல செஞ்ச காப்பிகள்லயும் போகும். அந்த ஐபார் காப்பிகளை தூரத்துல வெச்சுப் பாத்தா அப்படியே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரியே இருக்கும், பக்கவாட்டு முத்திரை கூட ஒரு சாயல்ல இருக்கும், ஆனா விலை பல மடங்கு குறைவு. அதனால தோட்டா பேரை ஒதுக்கி வெச்சுட்டு கம்பெனி பேரு, ஊர் பேரு, பேட்டன்ட் தேதி, இது மூணையும் தேடுங்க. பெல்ஜியத்துல செஞ்சதுன்னா லீயேஜ் சோதனைச்சாலையோட முட்டை வடிவ முத்திரைக்குள்ள ஈ எல் ஜி எழுத்துங்க இருக்கும், பிரிட்டன்ல செஞ்சதுன்னா லண்டன் இல்ல பர்மிங்ஹாம் சோதனை முத்திரை இருக்கும், பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்ததுன்னா அம்புக்குறி இருக்கும்.

எழுத்தே தேஞ்சு போயிருந்தாலும் துப்பாக்கி பழக்கத்துல காட்டிக் குடுக்கும். சிலிண்டரை திறக்கற பொத்தானை முன்னாடி தள்ளினா திறந்தா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாணி, பின்னாடி இழுத்தா திறந்தா கோல்ட் பாணி, உள்ள அமுக்கினா ரூகர் பாணி. பின்னாடி இருந்து பாக்கறப்ப சிலிண்டர் கடிகார முள் போற திசையில சுத்தினா கோல்ட், எதிர் திசையில சுத்தினா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். மேல இருக்கற கொக்கியை விடுவிச்சா துப்பாக்கி நடுவுல மடங்கி திறக்குதுன்னா பிரிட்டன்ல செஞ்ச வெப்ளியா, என்ஃபீல்டா, இல்ல அமெரிக்காவுல லட்சக்கணக்குல வந்த ஐவர் ஜான்சன் மாதிரி மலிவு ரகமான்னு பாக்கணும். ஏழு அறை இருந்து, ஹேமரை (பின்னாடி இருக்கற, தோட்டாவை அடிக்கற சுத்தியல்) இழுத்தா சிலிண்டர் முழுசா முன்னாடி நகர்ந்து பேரலோட ஒட்டிக்குதுன்னா அது ரஷ்யாவோட 1895 நாகந்த், வேற எதுவா இருக்கறதும் அபூர்வம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்னா சிலிண்டரை திறந்து, அதை தாங்கிக்கிட்டு வெளிய வர்ற யோக் கைக்கு பின்னாடி ஃபிரேம்ல (துப்பாக்கியோட உடம்பு) மறைஞ்சிருக்கற பக்கத்தை பாருங்க. 1957-ல இருந்து மாடல் நம்பரை அங்கதான் குத்தறாங்க, "19-3"னு இருந்தா மாடல் 19, மூணாவது தடவை டிசைன் மாத்தினதுக்கு அப்புறம் வந்ததுன்னு அர்த்தம். அந்த கோடுக்கு பின்னாடி வர்ற ஒத்தை எண் சின்னதா தெரியும், சேகரிக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். 1957-க்கு முந்தின துப்பாக்கியில அந்த இடத்துல இருக்கற நம்பர் சீரியல் நம்பர் இல்ல, தொழிற்சாலையில பாகங்களை ஜோடி சேக்க போட்ட நம்பர். நிஜ சீரியல் நம்பர் கைப்பிடியோட அடிப்பக்கத்துல இருக்கும், பெரிய கிரிப் (கைப்பிடி மேல மாட்டற பலகை) மாட்டியிருந்தா அதை கழட்டித்தான் பாக்கணும். தப்பான நம்பரை வெச்சுக்கிட்டு வருஷம் தேடினா துப்பாக்கி எந்த வருஷத்துக்கோ போயிடும், விலையும் அதோட சேந்து கெட்டுடும்.

கழட்டறப்ப ஸ்க்ரூடிரைவர் விஷயத்துல தயவுசெஞ்சு கவனமா இருங்க. வீட்டுல இருக்கற சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு மாதிரி சரிவா இருக்கும், அது துப்பாக்கி ஸ்க்ரூவோட வெட்டுல முழுசா உக்காராது, வழுக்கி வாயை பிச்சுடும். நேர் விளிம்பு வெச்ச, வெட்டுக்கு சரியா பொருந்தற நுனிதான் வேணும். பிஞ்சு போன ஸ்க்ரூ வாயை பாத்த உடனே அனுபவமுள்ளவர், இதை யாரோ உள்ள திறந்து நோண்டியிருக்காங்கன்னு முடிவு பண்ணிடுவாரு, நீங்க என்ன சொன்னாலும் அந்த எண்ணம் போகாது.

கிரிப்பை கழட்டியாச்சுன்னா வலது பக்க மரப்பலகையோட உள்பக்கத்தையும் பாருங்க. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல அங்க சீரியல் நம்பர் பென்சில்லயோ அச்சுலயோ இருக்கும். அதே நம்பர் கைப்பிடி அடியில, சிலிண்டரோட பின்முகத்துல, பேரலுக்கு அடியில எஜெக்டர் ராடு (காலி தோட்டாக்கூட்டை வெளிய தள்ளற கம்பி) படியற தட்டையான இடத்துல, இப்படி எல்லா இடத்துலயும் ஒத்துப்போனா அந்த துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வந்தப்ப இருந்த மாதிரியே இருக்குன்னு அர்த்தம். சிலிண்டர் மட்டும் வேற நம்பர்னா சுடறதுல ஒரு குறையும் இருக்காது, ஆனா சேகரிக்கறவர் பாதி ஆர்வத்தை அங்கயே விட்டுடுவாரு. கைப்பிடி அடியில நம்பர் பக்கத்துல சின்ன நட்சத்திரம் இருந்தா அது ஒரு தடவை ரிப்பேருக்கோ பாலிஷுக்கோ கம்பெனிக்கு திரும்பப் போயிட்டு வந்ததுன்னு அர்த்தம், அதை மறைக்காம சொல்லிடுங்க.

இப்ப நிலைமை. விலையை ஏத்தறதும் இறக்கறதும் இங்கதான், அதனால இதுல கொஞ்சம் நிதானமா இருக்கலாம். சேகரிக்கறவங்க முதல்ல பாக்கறது மேற்பூச்சு, அதாவது தொழிற்சாலையில போட்ட நீலமோ (இரும்பு மேல ஏத்தற கருநீலப் பூச்சு) நிக்கலோ எத்தனை சதவீதம் மிச்சம் இருக்குன்னு. பேரல் முனை, சிலிண்டர் ஓரம், கைப்பிடி முதுகு, இந்த இடங்கள்ல தேய்மானம் இருக்கறது இயல்பு, உறையில போட்டு எடுத்ததால வர்றது, அது குறையே இல்ல. குறை என்னன்னா யாரோ மறுபடி நீலம் ஏத்தினது. பளபளன்னு புதுசு மாதிரி இருக்கும், பாத்த உடனே சந்தோஷமா இருக்கும், ஆனா டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. பொறிச்ச எழுத்தோட ஓரம் மழுங்கி சில எழுத்து பாதி காணாம போயிருக்கும், ஸ்க்ரூ ஓட்டையை சுத்தி சின்ன பள்ளம் தட்டு மாதிரி விழுந்திருக்கும், கூரா இருக்க வேண்டிய ஃபிரேம் விளிம்பு உருண்டிருக்கும், துரு அரிச்ச குழி மேலயே நீலம் பளபளக்கும். இன்னும் சுலபமான அடையாளம் ஹேமரும் ட்ரிகரும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல அது ரெண்டும் கடினப்படுத்தின உலோகத்தோட பல நிறம் கலந்த சாயல்ல வரும், அதுவும் நீலமாவோ நிக்கலாவோ இருந்தா வெளிய யாரோ மொத்தமா முக்கி எடுத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். மறுபூச்சு போட்ட துப்பாக்கி சேகரிப்பு மதிப்புல பாதி கூட தேறாம போறது சாதாரணம், அதுவே அழுக்கா மங்கலா இருந்தாலும் அசல் பூச்சோட இருக்கறதுக்கு நல்ல காசு குடுப்பாங்க.

இதனாலதான் விக்கறதுக்கு முன்னாடி "கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடலாம்"ங்கற ஆசையை அடக்கிக்கணும். பழைய நாணயத்தை தேய்ச்சு வெளுத்தா என்ன ஆகுமோ அதேதான் இங்கயும். மெல்லிசா எண்ணெய் தொட்ட துணியால துடைங்க, பேரலுக்குள்ள இருக்கற தூசியை எடுங்க, அதோட நிறுத்துங்க. ஸ்டீல் வுல், உப்புத்தாள், மெட்டல் பாலிஷ் எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது. நிக்கல் பூச்சுன்னா செம்பை கரைக்கற சால்வென்ட்ல ஊற வைக்காதீங்க, பழைய நிக்கலுக்கு அடியில சில சமயம் செம்புப் படலம் இருக்கும், கீறல் வழியா உள்ள போய் அதை கரைச்சு மேல் பூச்சை உரிச்சுடும்.

அடுத்தது இயக்கம். துப்பாக்கி காலின்னு இன்னொரு தடவை உறுதி பண்ணிக்கிட்டு, சிலிண்டர் மேல விரலை லேசா வெச்சு அது சுத்தறதை கொஞ்சம் தடுத்த மாதிரி ஹேமரை மெதுவா, ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. ஹேமர் கடைசி நிலைக்கு வந்து நிக்கறப்ப சிலிண்டரும் "டக்"னு பூட்டிக்கணும். ஹேமர் நின்னுடுச்சு ஆனா சிலிண்டர் இன்னும் ஒரு முடியளவு சுத்த வேண்டியிருக்குன்னா டைமிங், அதாவது ஹேமரும் சிலிண்டரும் ஒத்து நிக்கற கணக்கு, தேஞ்சிருக்கு. எல்லா அறைக்கும் தனித்தனியா பாருங்க, பல துப்பாக்கியில ஒரே ஒரு அறை மட்டும் தப்பும். அப்புறம் சிலிண்டரை பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, கண்ணுக்கு தெரியற ஆட்டம் இருந்தா தேய்மானம். பேரலோட பின்முனைக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) வெச்சு அளந்தா பொதுவா 0.004-ல இருந்து 0.008 அங்குலம் வரை இருக்கும், 0.010-ஐ தாண்டினா வாங்கறவர் கேள்வி கேப்பாரு. அதே இடத்துல பேரலோட பின்முனையையும் பாருங்க, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 மாதிரி நடுத்தர ஃபிரேம்ல சக்தி அதிகமான .357 மேக்னம் தோட்டாவா நிறைய சுட்டிருந்தா அடிப்பக்கத்துல விரிசல் விழற வாய்ப்பு இருக்கு, ஏன்னா அங்க உலோகத்தை தட்டையா சீவியிருப்பாங்க. பேரலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாக்கறப்ப இருட்டா ஒரு வளையம் தெரிஞ்சா எப்பவோ தோட்டா சிக்கி பேரல் வீங்கியிருக்கு, அந்த துப்பாக்கியை சுடற துப்பாக்கியா விக்கக் கூடாது, இது மனசாட்சி விஷயம்.

தோட்டா மாத்தி துளைச்ச கதையும் உண்டு. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டனுக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செஞ்ச விக்டரி மாடல், சீரியல் நம்பர் வி எழுத்துல ஆரம்பிக்கும், கைப்பிடி அடியில கயிறு மாட்டற வளையம் இருக்கும். இது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவுக்கு வந்தது, அது .38 ஸ்பெஷலை விட கொஞ்சம் தடிமன், நீளம் கம்மி. போருக்கு அப்புறம் நிறைய பேர் அறையை ஆழமா துளைச்சு .38 ஸ்பெஷல் போற மாதிரி பண்ணி பேரலையும் வெட்டி வித்தாங்க. சுட்டா தோட்டாக்கூடு பின்பக்கம் வீங்கி வரும். அதே மாதிரி 1915-ல வந்த வெப்ளி மார்க் 6, அசல்ல .455 தோட்டாவுக்கு செஞ்சது. அமெரிக்காவுக்கு போனதுல பல துப்பாக்கியோட சிலிண்டர் பின்முகத்தை சீவி .45 ஏ சி பி தோட்டா போற மாதிரி பண்ணியிருக்காங்க, அந்த தோட்டாவோட முழு அழுத்தம் வெப்ளி தாங்கறதுக்கு செஞ்சது இல்ல. சீவின வெப்ளிக்கும் சீவாத வெப்ளிக்கும் விலையில பெரிய வித்தியாசம் உண்டு, வாங்கறவருக்கு ஆபத்தை சொல்ல வேண்டிய கடமையும் உண்டு.

இவ்வளவும் பாத்தாச்சுன்னா உங்க துப்பாக்கி மூணுல ஒண்ணுல வந்து விழும். முதலாவது சுடற துப்பாக்கி: நல்லா ஓடும், நிறைய பேர்கிட்ட இருக்கு, விலை பயன்பாட்டுக்குத்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 குடும்பம் 1899-ல ஆரம்பிச்சு அறுபது லட்சத்துக்கு மேல வந்திருக்கு, அதுல சாதாரணமான ஒண்ணு அபூர்வம் ஆக முடியாது. ரெண்டாவது சேகரிப்புத் துப்பாக்கி: 1935-ல இருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆர்டர் குடுத்தவருக்காகவே ஒவ்வொண்ணா செஞ்ச ரெஜிஸ்டர்ட் மேக்னம், யோக் பக்கத்துல தனி பதிவு நம்பரோட வரும், மொத்தமே அஞ்சாயிரத்துச் சொச்சம்தான். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி முதல் தலைமுறை, 1873-ல இருந்து ரெண்டாம் உலகப்போர் ஆரம்பம் வரைக்கும் வந்தது, இதுவும் அந்த ரகம், 1956-ல மறுபடி ஆரம்பிச்ச ரெண்டாம் தலைமுறைக்கும் 1976-ல வந்த மூணாம் தலைமுறைக்கும் இதுக்கும் பாக்கறதுக்கு வித்தியாசம் தெரியாது, சீரியல் நம்பர்தான் சொல்லும். கோல்ட் பைதானும் அப்படித்தான், 1955-ல வந்த பழைய வரிசையும் 2020-ல மறுபடி வந்த புது வரிசையும் ஒரே பேரு, ரெண்டும் வேற சந்தை. மூணாவது ரகம் பழைய மலிவுத் துப்பாக்கி, தேஞ்சது, துருப்பிடிச்சது, பாகம் கிடைக்காதது. வயசு நூறைத் தாண்டினாலும் வயசுக்கு மட்டும் யாரும் காசு குடுக்க மாட்டாங்க.

இதையெல்லாம் புரட்டிப் போடறது ஒண்ணே ஒண்ணு இருக்கு, துப்பாக்கி யார் கையில இருந்ததுங்கறதுக்கான சான்று. 1873-ல பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் இன்னொரு கவிஞர் ரிம்போவை சுட்ட லெஃபோஷே ரிவால்வர் 2016-ல பாரிஸ் கிறிஸ்டிஸ் ஏலத்துல 4,34,500 யூரோவுக்கு போச்சு. ஓவியர் வான்கோ தன்னை சுட்டுக்கிட்டதுன்னு நம்பப்படற ரிவால்வர் வயல்ல மண்ணுக்குள்ள கிடந்து முழுசா துருவேறி போனது, 2019-ல 1,62,500 யூரோ. அமெரிக்க கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டை சுட்டுக்கொன்ன பாட் காரெட்டோட கோல்ட் 2021-ல பான்ஹாம்ஸ் ஏலத்துல அறுபது லட்சம் டாலரைத் தாண்டிச்சு. இந்த விலையெல்லாம் இரும்புக்கு வந்தது இல்ல, காகிதத்துக்கும் வரலாத்துக்கும் வந்தது. அதனால குடும்பத்துல "இது அந்த அதிகாரியோடது"ன்னு ஒரு பேச்சு இருந்தா பழைய லைசென்ஸ், ரசீது, போட்டோ, கடிதம் எதாவது இருக்கான்னு தேடுங்க. காகிதம் இல்லாத கதைக்கு சந்தையில ஒரு பைசா கூட வராது, அந்தக் கதை நிஜமாவே இருந்தாலும் சரி. அசல் அட்டைப்பெட்டி, கூட வந்த ஸ்க்ரூடிரைவர், கையேடு, இதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, பெட்டியோட அடிப்பக்கத்துல துப்பாக்கியோட நம்பர் எழுதியிருந்தா அந்த பெட்டிக்கே தனியா விலை உண்டு.

இனி எவ்வளவு பெறும்ங்கறதை எப்படி கண்டுபிடிக்கறது. விலைப்புத்தகம் ஒரு திசையை காட்டும், ஆனா அச்சாகறதுக்குள்ள சந்தை நகர்ந்திருக்கும். ஆன்லைன்ல கேக்கற விலை எதுக்கும் உதவாது, யார் வேணா எவ்வளவு வேணா கேக்கலாம், மாசக்கணக்கா விக்காம கிடக்கற துப்பாக்கியோட விலையைத்தான் நிறைய பேர் ஆதாரமா எடுத்துட்டு வராங்க. ஏலம் முடிஞ்சு வித்துப்போன விலையை மட்டும் பாருங்க, அதுவும் அதே மாடல், அதே பேரல் நீளம், அதே பூச்சு, கிட்டத்தட்ட அதே நிலைமையில இருக்கறதா பாருங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 27-ல மூணரை அங்குல பேரலுக்கும் ஆறு அங்குல பேரலுக்கும் ஒரே விலை இல்ல. கம்பெனி ஆவணக் கடிதம்னு ஒண்ணு உண்டு, கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரெண்டுக்கும் கிடைக்குது, துப்பாக்கி எந்த தேதியில எந்த உருவத்துல யாருக்கு அனுப்பினாங்கன்னு பதிவேட்டைப் பாத்து எழுதிக் குடுப்பாங்க. கட்டணம் உண்டு, நாளும் ஆகும், அதனால மாடல் 10-க்கு அது வீண் செலவு. போருக்கு முந்தின கோல்டுக்கோ ரெஜிஸ்டர்ட் மேக்னமுக்கோ அந்த கடிதம் இல்லாம விக்கறது பெரிய தப்பு. அப்புறம் மதிப்பீட்டாளர், காசு வாங்கிட்டு எழுத்துல மதிப்பு குடுப்பாரு. அவரைத் தேர்ந்தெடுக்கறப்ப ஒரே ஒரு நிபந்தனை வைங்க: மதிப்பு சொல்றவர் வாங்கறவரா இருக்கக் கூடாது. எவ்வளவு நல்ல மனுஷரா இருந்தாலும் வாங்கப்போற ஆள் சொல்ற விலை அவரோட விலை, உங்களோடது இல்ல. மதிப்பில இத்தனை சதவீதம்னு கட்டணம் கேக்கறவரையும் தவிர்த்துடுங்க, மணிக்கணக்கோ துப்பாக்கிக் கணக்கோதான் நியாயம். இன்னொண்ணு, இன்சூரன்ஸ் மதிப்பு வேற, விக்கற மதிப்பு வேற, எது வேணும்னு முதல்லயே சொல்லிக் கேளுங்க, இன்சூரன்ஸ் மதிப்பு எப்பவும் மேலதான் இருக்கும்.

இப்ப வழிகளை ஒப்பிடலாம். கணக்குக்காக சில்லறை சந்தையில உங்க துப்பாக்கி 100 பெறும்னு வெச்சுக்குங்க.

டீலர்கிட்ட நேரா வித்தா 50, 60-ஐ ஒட்டித்தான் வரும். இதை ஏமாத்துன்னு சிலர் திட்டறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவரு கடை வாடகை, லைசென்ஸ் செலவு, துப்பாக்கி விக்காம அலமாரியில தூங்கற காலம், வித்த பிறகு பழுதுன்னு திரும்பி வர்ற ஆபத்து எல்லாத்தையும் ஏத்துக்கறாரு. பதிலுக்கு உங்களுக்கு கிடைக்கறது அன்னைக்கே காசு, காகித வேலை முடிஞ்சுது, துப்பாக்கி உங்க பொறுப்புல இல்ல. மாடல் 10, தேஞ்ச நாகந்த், மலிவு ரக மடக்குத் துப்பாக்கி, இதுக்கெல்லாம் நான் தயங்காம டீலரைத்தான் சொல்லுவேன், ஏன்னா 100-ம் 55-ம் ரெண்டுமே சின்ன தொகையா இருக்கறப்ப அந்த வித்தியாசத்துக்காக மாசக்கணக்கா அலையறது அர்த்தமில்ல. சேகரிப்புத் துப்பாக்கியை மட்டும் இந்த வழியில விடாதீங்க. ரெண்டு மூணு டீலர்கிட்ட தனித்தனியா காட்டி விலை கேக்கலாம், அவங்க சொல்ற விலைங்களுக்கு நடுவுல பெரிய இடைவெளி இருந்தா அதுவே ஒரு தகவல், கையில இருக்கறது என்னன்னு யாரோ ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கு.

கன்சைன்மென்ட்னா டீலர் கடையில வெச்சு விப்பாரு, வித்தா கமிஷன் எடுத்துப்பாரு, பொதுவா 10-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும். கையில 80, 85 வரும், ஆனா எப்ப வரும்னு தெரியாது. நல்ல நிலையில இருக்கற, தேவை உள்ள சுடற துப்பாக்கிக்கு, உதாரணமா நல்ல மாடல் 19-க்கு, இதைவிட நல்ல வழி கிடையாதுங்கறது என் அபிப்பிராயம். எழுத்துல வாங்க வேண்டியது கமிஷன் எவ்வளவு, குறைஞ்சபட்ச விலை எவ்வளவு, எத்தனை நாளைக்குள்ள விக்கலைன்னா திருப்பித் தருவாங்க, கடையில திருட்டோ தீயோ வந்தா யார் பொறுப்பு. துப்பாக்கியோட கீறல் வரைக்கும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுட்டுக் குடுங்க, அலமாரியில பல பேர் கை பட்டுத்தான் திரும்பி வரும்.

ஏல நிறுவனம் அபூர்வமானதுக்கும் சான்று உள்ளதுக்கும். உலகம் பூரா இருந்து வாங்கறவங்க பாப்பாங்க, நல்ல போட்டோ, நல்ல விவரணை, ரெண்டு பேர் மோதிக்கிட்டா விலை நீங்க நினைச்சதைத் தாண்டும், வெர்லேன் துப்பாக்கிக்கு முதல்ல மதிப்பிட்டது 60,000 யூரோவுக்குள்ளதான். ஆனா கணக்கை முழுசா போடுங்க. விக்கறவர் கமிஷன் ஒரு பக்கம், வாங்கறவர் மேல போடற பிரீமியம், அதாவது ஏல விலைக்கு மேல அவர்கிட்ட வாங்கற கட்டணம், இன்னொரு பக்கம். அந்த பிரீமியம் நம்ம பாக்கெட்ல இருந்து போகலைன்னு நினைக்கறாங்க, ஏலம் கேக்கறவர் மனசுல 100 வரைக்கும்தான் போகணும்னு இருந்தா பிரீமியத்தை கழிச்சுட்டுத்தான் கை தூக்குவாரு, அதனால சுத்தி வந்து அது உங்க தலையிலயும்தான் விழுது. போட்டோ கட்டணம், இன்சூரன்ஸ், விக்கலைன்னா திருப்பி எடுக்கற கட்டணம், எல்லாத்தையும் கேளுங்க. ரிசர்வ் விலை, அதாவது அதுக்கு கீழ விக்காதேன்னு சொல்ற விலை, வைக்க விடுவாங்களான்னும் கேளுங்க, ரிசர்வ் இல்லாத ஏலத்துல அன்னைக்கு சரியான ஆள் வரலைன்னா நல்ல துப்பாக்கி அடிமாட்டு விலைக்கு போயிடும். சாதாரண துப்பாக்கியை பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினா மத்த சாதாரணங்களோட கூட்டி ஒரே லாட்டா வித்துடுவாங்க, அதுல டீலர் குடுத்திருக்கற விலை கூட வராது.

ஆன்லைன் ஏலம், சட்டம் அனுமதிக்கற நாட்டுல, இதுக்கு நடுவுல இருக்கு. கமிஷன் கம்மி, வாங்கறவங்க நிறைய, ஆனா வேலை முழுக்க உங்க தலையில. போட்டோதான் இங்க எல்லாமே. நேர் வெயில் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சத்துல ரெண்டு பக்கமும், சிலிண்டர் முகம், பேரல் வாய், ஸ்க்ரூ வாய், பொறிச்ச எழுத்து, கைப்பிடி உள்பக்கம், முக்கியமா ஒவ்வொரு குறையும். குறையை மறைச்சா வாங்கினவர் திருப்பி அனுப்புவாரு, போக்குவரத்து செலவும் கெட்ட பேரும் உங்களுக்கு. அனுப்பறது லைசென்ஸ் உள்ள டீலர் வழியா மட்டும்தான், அதுக்கும் ரெண்டு முனையிலயும் கட்டணம் உண்டு, அதையும் கணக்குல சேத்துக்குங்க.

நேரடியா தெரிஞ்ச ஒருத்தருக்கு விக்கறதுல கையில வர்ற தொகை பெரும்பாலும் அதிகம், 90 கூட வரலாம், ஆனா எல்லாத்துலயும் எச்சரிக்கை வேண்டியது இதுலதான். அவருக்கு லைசென்ஸ் இருக்கா, இந்த தோட்டா வகையை வெச்சுக்க அனுமதி இருக்கா, பதிவு மாத்தற வரைக்கும் துப்பாக்கி யார் பொறுப்புல இருக்கும், இதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் பேச்சை அங்கயே நிறுத்திடுங்க. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்துல கூட டீலர் மூலமா பின்னணி சரிபார்த்து கைமாத்தறதுதான் சரின்னு நான் உறுதியா நம்பறேன், அந்த சின்ன கட்டணத்தை மிச்சம் பிடிக்கறதுக்காக நாளைக்கு யார் கையில போய் சேந்துச்சோங்கற கவலையை வாங்கிக்க வேண்டாம். சேகரிப்பாளர் சங்கங்கள்ல இருக்கறவங்க இந்த வழியில நல்ல ஆளுங்க, வெப்ளி மட்டும் சேகரிக்கறவர், கோல்ட் மட்டும் சேகரிக்கறவர்னு இருப்பாங்க, உங்க துப்பாக்கியைப் பத்தி உங்களை விட அதிகமா தெரிஞ்சு வெச்சிருப்பாங்க, அதனால பேச போறதுக்கு முன்னாடி மதிப்பீட்டை எழுத்துல கையில வெச்சுக்கிட்டுப் போங்க.

விக்காம இருக்கறதும் ஒரு வழிதான், அதையும் ஒப்பீட்டுல சேக்கணும். அசல் பூச்சோட இருக்கற போருக்கு முந்தின துப்பாக்கியை அவசரம் இல்லாதவர் வெச்சிருந்தா நஷ்டம் இல்ல, லைசென்ஸ் புதுப்பிக்கறதும் பூட்டி வைக்கறதும் பாரமா தோணாதவரைக்கும். சரித்திர சான்று பலமா இருந்தா அருங்காட்சியகத்துக்கு குடுக்கலாம். செயலிழக்கச் செஞ்சு சுவத்துல மாட்டலாம்னு சிலர் யோசிக்கறாங்க, அதை செய்யறதுக்கு முன்னாடி கட்டாயம் மதிப்பு பாத்துடுங்க, ஏன்னா பேரலை அடைச்சு ஹேமரை வெட்டின அப்புறம் ரெஜிஸ்டர்ட் மேக்னமும் சாதாரண துப்பாக்கியும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துடும், திரும்ப சரி பண்ண வழியே கிடையாது.

எந்த வழியில போனாலும் கைமாறின அன்னைக்கு தேதி, சீரியல் நம்பர், மாடல், தோட்டா வகை, வாங்கினவர் லைசென்ஸ் விவரம், விலை எல்லாம் எழுதின ரசீதுல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. பதிவு உங்க பேர்ல இருந்து நீங்கினதுக்கான காகிதம் வர்ற வரைக்கும் விடாம கேட்டு வாங்குங்க. அந்த ரெண்டு காகிதத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிட்டு அசலை பத்திரப்படுத்துங்க, வருஷங்கள் கழிச்சு அந்த நம்பரை வெச்சு யாராவது விசாரிக்க வந்தா உங்களுக்காக பேசப்போறது அது மட்டும்தான்.